அயலார் சந்நிதியில் வைத்த காணிக்கை

வடக்கே குதிரைமலை முனையிலிருந்து தெற்கே சிலாபத்துக்கு அப்பாலும் நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையிலே, கற்பிட்டித் தீபகற்பத்துத் தலவிலவில் புனித அன்னம்மாள் திருத்தலமும், புத்தளம் நகரத்துப் பள்ளிவாசல்களும், உடப்பிலே திரௌபதை அம்மன் கோயிலும், சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்திலே வடிவாம்பிகை சமேத முன்னைநாத சுவாமி ஆலயமும், இடையிடையே போதிமர நிழலில் விகாரைகளுமாக, உலகத்துப் பெருஞ்சமயங்கள் நான்கும் ஒரு பகற்பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகஸ்டு மாதத் திருவிழாக் காலத்தில் தலவிலக் கடலோரத்து மரங்களின் கீழ் ஓலை வாடிகளை அமைத்துக் குடும்பம் குடும்பமாகத் தங்கும் யாத்திரிகருள் கத்தோலிக்கர் மாத்திரமன்றிச் சைவரும் பௌத்தரும் இருக்கின்றனர். அந்தப் பருவத்தையொட்டி நான்கு வார காலம் நடைபெறும் முன்னேஸ்வர மகோற்சவத்திலே, வெள்ளையுடை தரித்த சிங்களத் தாய் ஒருத்தி, பழமும் பூவும் தேங்காயும் வைத்த அர்ச்சனைத் தட்டை இரு கைகளாலும் ஏந்தி, நோயுற்ற தன் குழந்தையின் பெயரைத் தன் பாஷையிலே குருக்களிடம் கூறி, அவர் அப்பெயரைச் சங்கற்பத்தோடு சேர்த்து உச்சரித்து முடிக்கும்வரை கண்மூடி நிற்கும் காட்சியை எவரும் காணலாம்.

இக்காட்சி நமக்குப் பழகிப்போனமையால் அதனுள் அடங்கியிருக்கும் வினா நம் நெஞ்சில் தைப்பதில்லை. தன் சமயத்தார் அல்லாதாரின் சந்நிதியிலே ஒருவன் காணிக்கை வைப்பது, தன் தெய்வத்துக்கு இழைக்கும் துரோகமா, அல்லது அயலானுக்குச் செய்யும் மரியாதையா? அது மரியாதையே எனின், உண்மையான மரியாதைக்கும் வெறும் உபசாரத்துக்கும் வேற்றுமை காண்பது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் எளிதில் கிடைக்கின்றன. எல்லாத் தெய்வமும் ஒன்றே, ஆதலால் எங்கே வணங்கினும் குற்றமில்லை என்பது ஒரு விடை. மெய்த்தெய்வம் ஒன்றே, அது என்னுடையதே, ஆதலால் பிற சந்நிதியில் தலை தாழ்த்துவது பாவம் என்பது மற்றொரு விடை. முதல் விடை இனிமையானது. ஆயினும் தன் கொள்கைக்காக உயிர் கொடுத்த சான்றோர் பலரை அது அறியாமையுடையோர் ஆக்கிவிடுகிறது. இரண்டாம் விடை உறுதியானது; ஆயினும் முன்னேஸ்வரத்தில் கண்மூடி நின்ற அந்தத் தாயின் கண்ணீருக்கு அதனிடத்திலே சமாதானம் இல்லை. இரண்டு விடைகளும் தெய்வத்தின் இலட்சணத்தை ஆராய்கின்றனவேயன்றி, காணிக்கை வைப்பவனின் ஒழுக்கத்தை ஆராயவில்லை. அவ்வொழுக்கத்தை ஆராய்ந்தாலன்றி இவ்வினா தெளிவுறாது என்பது என் துணிபு.

அந்த ஆராய்ச்சிக்குப் பண்டைச் சீன நாகரிகத்தை நான் துணையாகக் கொள்வதற்குக் காரணம் இரண்டு. வழிபாட்டை அரசியலின் ஓர் அங்கமாக ஏற்று, அதற்கென அமைச்சும் விதிநூல்களும் வகுத்து, நூற்றாண்டு நூற்றாண்டாகச் சிந்தித்து வந்த சமுதாயம் அதுபோல் மற்றொன்று காண்பது அரிது என்பது ஒன்று. அச்சமுதாயத்தார் நம் இலங்கைத் தீவின் சந்நிதிகளிலே வைத்த இரண்டு காணிக்கைகளின் சரித்திரம், ஒன்று ஏட்டிலும் மற்றொன்று கல்லிலுமாக, இன்றும் அழியாமல் நமக்குக் கிடைத்திருக்கின்றது என்பது மற்றொன்று.

சீனரின் சிந்தனையை அறிய விரும்புவோர் முதலில் அவர்களுடைய நிலத்தை அறிதல் வேண்டும். மேற்கே திபெத்து மேட்டுநிலமும், வடக்கே கோபிப் பாலைவனமும், தெற்கே காடடர்ந்த மலைகளும், கிழக்கே பெருங்கடலும் அரணாகச் சூழ்ந்து நிற்க, நடுவே கிடந்த தம் பூமியை ஒரு முழு உலகமாகவே கண்ட அம்மக்கள், தம்முடையது நடுநாடு என்றும், தம் அரசன் ஆள்வது வானத்தின் கீழுள்ள அனைத்தையும் என்றும் எண்ணியதில் வியப்பில்லை. அந்நாகரிகம் முளைவிட்ட இடம் மஞ்சள் நதியின் கரை. மேட்டுநிலத்து மென்மண்ணை அரித்துக் கொணர்ந்து தன் படுகையிலே கொட்டுகின்ற அந்நதி, வயல்களுக்குச் செழிப்பைக் கொடுக்கும் அதே வண்டலினால் தன் படுகையைக் கரையிலுள்ள வயல்களைவிட உயர்த்திக்கொண்டு, ஒருநாள் கரையை உடைத்து ஊர்களை விழுங்கும் இயல்புடையது. ஆகவே, வெள்ளத்தை அடக்கத் தெரிந்தவனே அரசன் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. ஆதி அரசனாகிய யூ என்பவனைப் பற்றி அவர்கள் சொல்லும் பழங்கதையிலே, அவன் தந்தை அணையெழுப்பி வெள்ளத்தை மறிக்க முயன்று தோற்றான் என்றும், மகனோ கால்வாய் வெட்டி அதற்கு வழிவிட்டு வென்றான் என்றும் காணப்படுகிறது. வலிமையைக் காட்டிலும் இணக்கமே ஆட்சியின் சாரம் என்னும் பாடத்தை அவர்கள் தம் சரித்திரத்தின் வாயிலிலேயே எழுதி வைத்திருந்தனர்.

இந்த நிலத்திலே பிறந்த அரசியல் தத்துவமும் அதற்கேற்றதாயிற்று. கி.மு. 11ஆம் நூற்றாண்டிலே ஷாங் வமிசத்தை வீழ்த்தி அரியணை ஏறிய சௌ வமிசத்தார், தாம் செய்தது இராஜத்துரோகம் அன்று என்பதை நிலைநாட்ட வேண்டியிருந்தது. வானம் ஒரு குலத்துக்கு ஆணையை நிரந்தரமாக வழங்குவதில்லை. அது நற்குணமுடையவனுக்கு ஆணையைக் கொடுக்கிறது, அவன் கொடியவனானபோது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது என்று அவர்கள் போதித்தனர். பிற்காலத்தில் மென்சியஸ் என்னும் ஞானி இதனை மேலும் ஒரு படி ஏற்றி, நாட்டிலே மக்களே முதன்மையானவர், அரசன் எல்லாருக்கும் பின்னே வைத்து எண்ணப்படவேண்டியவன் என்று துணிந்து கூறினார். ஓர் அரசனின் தகுதியை அவன் செய்யும் யாகத்தாலோ அவன் கொடுக்கும் பொன்னாலோ அளவிடாமல், அவனுடைய குடிகளின் நிலையால் அளவிடும் இப்பிரமாணம், பட்டும் காகிதமும் பீங்கானும் திசையறி கருவியும் பரீட்சை வைத்து உத்தியோகத்தரைத் தெரிந்தெடுக்கும் முறையும் கண்ட அந்நாகரிகத்தின் சாதனைகள் எல்லாவற்றிலும் மேலான சாதனை என்றே நான் கருதுகிறேன்.

வழிபாட்டைப் பற்றியும் அவர்களிடத்தே கண்டிப்பான ஒரு கொள்கை இருந்தது. கி.மு. 551 முதல் 479 வரை வாழ்ந்த கன்பூசியஸ், தனக்கு உரியதல்லாத ஆவிக்குப் பலியிடுவதை முகஸ்துதி என்றே கண்டித்தார். மூதாதையருக்குச் சந்ததியாரும், வானத்துக்குச் சக்கரவர்த்தியும், அவரவர்க்கு உரிய முறையிலே சடங்கு செய்யவேண்டும். அம்முறையை மீறிய வணக்கத்தில் அன்பு இராது, ஆதாயம் தேடும் எண்ணமே இருக்கும் என்பது அக்கொள்கையின் கருத்து. அரசாங்கத்தின் ஆறு அமைச்சுகளுள் ஒன்றாகிய சடங்குகள் அமைச்சு, பலிகளையும் பரீட்சைகளையும் அந்நிய நாட்டுத் தூதரை ஏற்கும் முறைகளையும் ஒருங்கே நிர்வகித்து வந்தது. ஆயினும் அதே நாட்டிலே, கன்பூசிய மார்க்கமும் தாவோ மார்க்கமும் இந்தியாவிலிருந்து சென்ற பௌத்தமும் ஒரே குடும்பத்து மக்களின் வாழ்விலே பக்கத்தில் பக்கத்தில் இடம்பெற்றன. ஆகவே, அயலார் தெய்வத்துக்குச் செய்யும் வணக்கம் எப்போது அன்பு, எப்போது முகஸ்துதி என்ற வினா அவர்களுக்கும் உயிருள்ள வினாவாகவே இருந்தது.

நமது கரைக்கும் அந்நாட்டுக்கும் இருந்த தொடர்பு மிகத் தொன்மையானது. உரோமானியச் சக்கரவர்த்தி குளோடியஸின் காலத்திலே, ஒரு வரித் தண்டல்காரனின் பணியாள் புயலில் சிக்கி இலங்கையின் ஹிப்புரோஸ் என்னும் துறையை அடைந்த வரலாற்றைப் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அத்துறை நமது குதிரைமலையே என ஆராய்ச்சியாளர் பலர் கொள்கின்றனர். அதன் பின்னர் இலங்கையிலிருந்து உரோமாபுரிக்குச் சென்ற தூதர்கள், தமக்குச் சீனருடன் வாணிகம் உண்டென்றும், தூதர் தலைவனின் தந்தையே அந்நாடு சென்றவன் என்றும் கூறியதாக அதே நூலிலே காண்கின்றோம். கடல்வழி திறந்திருந்தது, அவ்வழியே பண்டங்கள் மாத்திரமன்றிப் பக்தியும் வந்தது.

முதற்காணிக்கை ஒரு விசிறி. கி.பி. 399ஆம் ஆண்டிலே சீன நாட்டுச் சாங்கான் நகரினின்றும் புறப்பட்டு, பாலைவனத்தையும் பனிமலைகளையும் கால்நடையாகக் கடந்து, கங்கைச் சமவெளியில் பௌத்த விநய நூல்களைத் தேடிப் படித்து, தாமிரலிப்தித் துறைமுகத்திலே வாணிகக் கப்பலேறி இலங்கையை அடைந்த பாஹியான் என்னும் முதிய துறவி, அனுராதபுரத்து அபயகிரி விகாரையிலே பச்சைக் கல்லாலான பெரிய புத்த விம்பத்தின் முன் ஒருநாள் நின்றார். உடன் புறப்பட்டோருள் சிலர் வழியிலே மாண்டனர். சிலர் பிரிந்து போயினர். பல ஆண்டுகளாக அவர் கண்ட முகங்களும் மலைகளும் மரங்களும் அனைத்தும் அந்நியமானவை. அப்பொழுது, வணிகன் ஒருவன் அந்த விம்பத்தின் முன் காணிக்கையாக வைத்த, தம் நாட்டில் நெய்யப்பட்ட வெள்ளைப் பட்டு விசிறி ஒன்று அவர் கண்ணில் பட்டது. தம்மையறியாமலே அவர் கண்ணீர் பெருக்கினார். அந்த வணிகனின் பெயரை அவர் குறித்து வைக்கவில்லை. அவ்வணிகன் அரசனிடத்தில் சலுகை வேண்டியோ, தன் நாட்டின் புகழைப் பரப்பவோ அதை வைத்தான் என்பதற்கும் ஏட்டிலே ஒரு சொல்லும் இல்லை. தன் கையிலிருந்த நல்ல பொருளொன்றை, தான் தங்கிய தேசத்தின் சந்நிதியிலே வைத்துவிட்டு அவன் தன் வழியே போனான்.

பாஹியான் இரண்டாண்டுகள் இங்கே தங்கி, தம் நாட்டில் கிடைக்காத விநய நூலையும் ஆகமங்களையும் பிரதி செய்துகொண்டு திரும்பினார். அதன் பின், கி.பி. 429ஆம் ஆண்டிலும் 433ஆம் ஆண்டிலுமாக இலங்கையிலிருந்து பிக்குணிகள் கப்பலேறிச் சென்று, முன்னூற்றுக்கு மேற்பட்ட சீனப் பெண்களுக்கு விநய முறைப்படி உபசம்பதை கிடைக்கத் துணைநின்றனர். வானத்தின் கீழுள்ள அனைத்தும் தனதே என்று எண்ணிய பேரரசின் மக்கள், கடல் நடுவிலுள்ள சிறு தீவொன்றின் பெண்களை ஆசாரியராக ஏற்று அவர் முன்னே தலைவணங்கிய நிகழ்ச்சி இது. கொடுப்பவன் எப்பொழுதும் பெரியவன், ஏற்பவன் எப்பொழுதும் சிறியவன் என்ற நியதி இவ்வுறவிலே இல்லை. ஒருவர்பால் இல்லாததை மற்றவரிடம் கேட்டுப் பெற்றனர், அவ்வளவே.

இரண்டாம் காணிக்கை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளின் பின்னர், முற்றிலும் வேறான கோலத்தில் வந்தது. 1402ஆம் ஆண்டிலே தன் அண்ணன் மகனிடமிருந்து அரியணையைப் பறித்துக்கொண்ட மிங் வமிசத்து யொங்லோ சக்கரவர்த்தி, வானத்தின் ஆணை தன்பாலே இருக்கிறது என்பதை உலகத்துக்குக் காட்டவேண்டிய நிலையிலிருந்தான். 1405 முதல் 1433 வரை ஏழு தடவை தென்கடல்களிலே செலுத்தப்பட்ட பெருங்கப்பற்படைக்குத் தலைவனாக அவன் நியமித்த செங் ஹோ, யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பம் ஒன்றிலே பிறந்தவன். அவன் தந்தையும் பாட்டனும் மக்கத்து யாத்திரை செய்தோர். அவனே பின்னாளில், கடற்பயணங்களைக் காத்தருளிய கடல்தேவிக்கு நன்றி கூறிச் சீனக் கரையிலே 1431ஆம் ஆண்டில் கல் நாட்டியவன். ஆகவே, பல தெய்வங்களின் சந்நிதியில் நிற்பது அவனுக்குப் புதிதன்று.

1409ஆம் ஆண்டு பெப்ரவரித் திகதியிடப்பட்டு, சீனாவிலேயே செதுக்கப்பட்டு, கப்பலேற்றி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட, அவ்விரண்டாம் காணிக்கையைப் பொறித்த கல், 1911ஆம் ஆண்டிலே காலி நகரத்தில் ஒரு மதகை மூடும் பலகையாகக் குப்புறக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டு, இப்பொழுது கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள அப்பலகையின் உச்சியிலே இரண்டு யாளிநாகங்கள் எதிரெதிரே செதுக்கப்பட்டிருக்க, கீழே மூன்று பாஷைகளில் மூன்று சாசனங்கள் காணப்படுகின்றன. சீன எழுத்திலுள்ளது புத்த பெருமானை வணங்குகிறது. தமிழில் உள்ளது தெவிநுவரையில் கோயில்கொண்டிருந்த தென்னாவரை நாயனாரைப் போற்றுகிறது. பெரிதும் சிதைந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் இறைவனை முன்னிட்டு எழுதப்பட்டது. பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டுத் துணிகள், 2,500 நிறை எண்ணெய், விளக்குகள், தூபக்கால்கள் என நீளும் காணிக்கைப் பட்டியல், மூன்று பகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவினது. புத்தருக்கு ஒரு நிறையும் நாயனாருக்கு ஒரு நிறையுமாகக் குறைத்தும் கூட்டியும் அளக்காமல், மூன்று சமயத்தாரையும் சரிசமமாக நிறுத்திய அந்த நுட்பத்தைப் போற்றாமலிருக்க முடியாது. தமிழ் பேசும் மக்களாகிய நமக்கு, ஒரு சீனச் சக்கரவர்த்தி நம் பாஷையிலே நம் தெய்வத்தை விளித்துக் கல்லெழுதினான் என்பது பெருமிதம் தரும் செய்தியே.

ஆயினும் சரித்திரம் அக்கல்லோடு முடியவில்லை. அதே செங் ஹோ, அதே கப்பற்படையோடு, மூன்றாம் பயணத்தின் முடிவிலே இந்நாட்டு அதிபதியான அழகக்கோனாரோடு பொருது, அவனது தலைநகரைப் பிடித்து, அவனையும் அவன் குடும்பத்தாரையும் சிறைசெய்து, 1411ஆம் ஆண்டிலே நான்கிங் நகருக்குக் கொண்டுபோய்ச் சக்கரவர்த்தியின் முன் நிறுத்தினான். முதலில் சதி செய்தவன் அழகக்கோனாரே என்று மிங் ஏடுகள் கூறுகின்றன. வென்றவர் எழுதிய ஏடு அவ்வாறு கூறுதல் இயல்பு. சக்கரவர்த்தி அவனைக் கொல்லாது மன்னித்தான் என்பதும் உண்மையே. ஆனால், அவனுக்குப் பதிலாக இலங்கையை ஆளத் தகுந்தவன் ஒருவனைத் தெரிந்தெடுக்கும்படி எந்த அமைச்சுக்குக் கட்டளையிட்டான் என்று நோக்குமிடத்து, அது படையமைச்சன்று. பலிகளையும் காணிக்கைகளையும் நிர்வகித்த சடங்குகள் அமைச்சேயாகும். தெய்வத்துக்குப் பட்டு அனுப்பிய பீடமும், அத்தெய்வத்தின் நாட்டுக்கு அரசனைத் தெரிவு செய்த பீடமும் ஒன்றாயிருந்தன.

இங்கேதான் நாம் தேடிய வேற்றுமை வெளிப்படுகின்றது. முன்னேஸ்வரத்தில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் தாயும் கேட்கத்தான் செய்கிறாள். தலவிலவில் மெழுகுவர்த்தி ஏற்றும் சைவப் பெண்ணும் கேட்கத்தான் செய்கிறாள். கேட்பது குற்றமாயின் மனிதப் பிரார்த்தனையில் பெரும்பகுதி குற்றமாகிவிடும். ஆனால், அவர்கள் கேட்பது தெய்வத்தினிடத்தே. அத்தெய்வத்தின் அடியாரிடத்தே அவர்கள் எதையும் கேட்பதில்லை. தட்டில் வைத்த பழத்துக்கு ஈடாகச் சைவர் தமக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்று அந்தத் தாய் எண்ணுவதில்லை; ஏற்றிய வர்த்திக்கு ஈடாகக் கத்தோலிக்க மீனவன் தன் கரைவலைப்பாட்டை விட்டுக்கொடுக்க வேண்டுமென்று அந்தச் சைவப் பெண் எண்ணுவதில்லை. காலிக் கல்லிலே எழுதிய சக்கரவர்த்தியோ, தெய்வத்திடம் கப்பல்களின் க்ஷேமத்தைக் கேட்டதோடு, அத்தெய்வத்தின் மக்களிடம் பணிவையும் கேட்டான்; பணிவு கிடைக்காதபோது பலாத்காரம் வந்தது. கன்பூசியஸ் முகஸ்துதி என்று கண்டித்தது எதுவென்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை. அயலார் சந்நிதியில் வைக்கும் காணிக்கை தூயதாவதும் மாசுபடுவதும், வைத்தவன் கை பின்பு எதை நோக்கி நீள்கிறது என்பதைப் பொறுத்தது. சீனரின் சொந்தப் பிரமாணமும் இதுவே: வானம் பார்ப்பது பலிபீடத்தை அன்று, குடிகளை.

அழகக்கோனாரின் வீழ்ச்சியை அடுத்து, சில ஆண்டுகளுக்குள் அரியணை ஏறியவன் கோட்டை இராச்சியத்து ஆறாம் பராக்கிரமபாகு. அவன் பௌத்தன், பௌத்த சங்கத்தைப் பேணிக் காத்தவன். அவனே தன் முப்பத்தெட்டாம் ஆட்சியாண்டிலே நமது முன்னேஸ்வர ஆலயத்துக்கு நிலங்களை வழங்கித் தமிழிலே சாசனம் பொறித்தான். 1578ஆம் ஆண்டிலே அந்த ஆலயத்தைப் போர்த்துக்கேயர் இடித்தனர். 1588இல் காலிக் கல் போற்றிய தெவிநுவரைக் கோயிலும் அவர்கள் கையாலேயே அழிந்தது. முன்னேஸ்வரத்தை மீண்டும் எழுப்பி, 1753ஆம் ஆண்டிலே கும்பாபிஷேகம் செய்வித்து மானியங்கள் அளித்தவன் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்துக் கண்டியிலே பௌத்த உபசம்பதையைப் புதுப்பித்ததும் அதே ஆண்டிலே அவன் ஆட்சியில்தான். ஒரு கையால் தன் சமயத்தை நிலைநிறுத்திய மன்னன், மறு கையால் தன் குடிகளுள் ஒரு பகுதியாரின் சமயத்தை நிலைநிறுத்தினான். ஒன்றைச் செய்தற்கு மற்றொன்றைக் குறைக்கவேண்டிய அவசியம் அவனுக்கு உண்டாகவில்லை. இவர்கள் முன்னேஸ்வரத்துக்குக் கொடுத்தது நிலம். நிலம் கொடுத்தவன் விளைச்சலை எதிர்பார்த்தானாயின் அது குத்தகை. விளைச்சல் முழுவதையும் பூசைக்கும் பூசகருக்கும் விட்டுவிட்டானாயின் அது தர்மம்.

இனி, பிற சந்நிதியில் வணங்குவதற்குத் தம் மார்க்கம் இடங்கொடாத மக்களின் நிலையையும் எண்ணவேண்டும். அவர்கள் வணங்காமையை அவமதிப்பு என்று கொள்வது பேதைமை. 1344ஆம் ஆண்டிலே மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, கடலிலே திசை தப்பி இறங்கிய துறைமுகம் நமது புத்தளம். மரக்கோட்டை சூழ்ந்த அழகிய சிறு நகரம் என்று அதை அவர் வருணிக்கிறார்; கரையெங்கும் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்தமையையும் குறிப்பிடுகிறார். அங்கே அவரை எதிர்கொண்ட யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி சைவன். பாரசீக பாஷை அறிந்தவன். விருந்தினர் தம் நெடுநாள் ஆசையாகப் பாவா ஆதம் மலைத் தரிசனத்தைக் கேட்டபோது, அம்மன்னன் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து, யோகிகளையும் பிராமணரையும் வழித்துணையாக அனுப்பி வைத்தான். இப்னு பதூதா இந்துக்களின் தெய்வத்தை வணங்கவில்லை. ஆரியச் சக்கரவர்த்தி தொழுகை நிகழ்த்தவில்லை. ஒருவர் கேட்டார், மற்றவர் வழிவிட்டார். பின்னர் இதே யாத்திரிகர் சீன தேசத்துக்கும் சென்று சைத்தூன் துறைமுகத்தைக் கண்டார்; அந்நகரிலே அவருக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னமே, 1281இல், தமிழ் வணிகர் சிவாலயம் எடுத்துத் தமிழ்க் கல்வெட்டுப் பொறித்திருந்தனர். சீனச் சக்கரவர்த்தி நம் தெய்வத்துக்குத் தமிழிலே எழுதியதற்கு நூற்றாண்டுக்கு முன்பே, சீன மண்ணிலே நம்மவர் தம் தெய்வத்தை வைத்து வணங்க இடம் கிடைத்திருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இப்படிப்பட்ட மரபுடைய கரை, இடரிலே தன் மரபைக் காத்தும் இருக்கிறது, இழந்தும் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வட மாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், உடுத்த உடையோடும் கையிற் கிடைத்த பொருளோடும் புத்தளத்தையும் கற்பிட்டியையும் வந்தடைந்தபோது, இங்குள்ளோர் தம் பாடசாலைகளையும் பள்ளிவாசல்களையும் தென்னந்தோட்டங்களையும் அவர்களுக்குத் திறந்துவிட்டனர். நிலமும் நீரும் தொழிலும் குறைவாயிருந்த ஊர்கள் அவற்றைப் பல்லாண்டு காலம் பகிர்ந்துகொண்டன. அது எந்தச் சந்நிதியிலும் வைக்கப்படாத காணிக்கை. ஆனால் 2019ஆம் ஆண்டு மே மாதத்திலே, ஈஸ்டர் ஞாயிற்றுக் கொலைகளின் பின்னர் எழுந்த வெறுப்பினால், சிலாபத்திலும் அதனை அடுத்த ஊர்களிலும் பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. கொட்டாரமுல்லையில் ஓர் உயிர் பறிக்கப்பட்டது. முன்னேஸ்வரத் தேருக்கும் தலவிலக் கொடியேற்றத்துக்கும் எல்லாரும் வருகின்ற ஊர்ப்பக்கத்திலேதான் இதுவும் நடந்தது. அயலார் கோயிலில் வைத்த தேங்காயும் பூவும், அயலான் வீட்டு வாசலிலே கல் விழும்போது நம் கையைத் தடுக்கவில்லையானால், அவை வழக்கமாக வைத்த தேங்காயும் பூவுமேயன்றிக் காணிக்கை அல்ல.

இன்று அதே கற்பிட்டித் தீபகற்பத்திலே, நுரைச்சோலையில், சீன நாட்டுக் கடனாலும் சீன நிறுவனத்தின் வேலையாலும் எழுந்த அனல்மின் நிலையம், 2011ஆம் ஆண்டு முதல் இயங்கி, 300 மெகாவாற்று ஆற்றலுள்ள மூன்று பிரிவுகளால் நாட்டின் விளக்குகளை எரியச் செய்கின்றது. அதன் ஒளியை நாம் எல்லாரும் அனுபவிக்கிறோம். அதன் நிலக்கரித் தூசியையும் சாம்பலையும் பற்றி அயலிலுள்ள மீனவரும் தோட்டக்காரரும் முறையிடுகின்றனர். பேரரசுகள் சிறு நாடுகளுக்குக் கொடுப்பனவற்றை வெறுப்பதும் அறிவன்று, வியந்து மயங்குவதும் அறிவன்று. அபயகிரியில் வைத்த விசிறியையும் காலியில் கிடைத்த கல்லையும் ஒருங்கே நினைவில் நிறுத்தி, கொடுத்தவன் கை பின்பு எதை நோக்கி நீள்கிறது, கொடை வந்த இடத்துக் குடிகளின் நிலை உயர்ந்ததா தாழ்ந்ததா என்று கேட்பதே அறிவு. அவ்வாறு கேட்பதற்கான அளவுகோலை நமக்குத் தந்தவர்களும் பண்டைச் சீன ஞானிகளே என்பதால், அக்கேள்வி சீன மக்களுக்குப் பகையான கேள்வியும் அன்று.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு என் விடை இது. அயலார் சந்நிதியிலே காணிக்கை வைப்பது துரோகம் அன்று. ஆயின் அதற்கு நியமங்கள் மூன்று உண்டு. வைப்பவன் தன் கொள்கையை மறைக்காமல் வைக்கவேண்டும். கேட்பது எதுவாயினும் அதைத் தெய்வத்தினிடமே கேட்கவேண்டுமேயன்றி, அத்தெய்வத்தின் மக்களிடம் கைம்மாறு எதிர்பார்க்கலாகாது. அம்மக்களுக்கு இடர் வந்த நாளிலே, கோயில் வாசலில் நின்றதைப் போலவே அவர்கள் வீட்டு வாசலிலும் போய் நிற்கவேண்டும். இம்மூன்றும் உள்ளவன், வணங்கினாலும் வணங்காமல் விலகி நின்றாலும் மரியாதையுடையவன். இம்மூன்றும் இல்லாதவன் ஆயிரம் பொன் வைத்தாலும் முகஸ்துதி செய்தவனே. ஏற்கும் சமயத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. பிறன் ஒருவன் தம் சந்நிதிக்கு வந்ததைத் தம் சமயத்தின் வெற்றியாகப் பறைசாற்றாமல், வந்த விருந்தினனின் கௌரவமாகக் கொள்ளுதலே அது.

இக்கரையில் வாழும் சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள், பௌத்தர் யாவரையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. அடுத்த திருவிழாவிலே அயலாரின் சந்நிதிக்குப் போகுமுன், அந்த ஆண்டு அவர்களுள் துன்புற்றார் எவர் என்று விசாரித்து, முதலில் அவர்களுடைய வீட்டுக்குப் போய்வாருங்கள். தட்டை அதன் பின்பு ஏந்தலாம்.